இரண்டாவது ஆப்ஜெக்ட் வரும்வரை தெரியாத தவறுகள்

பைத்தான் நிரல்மொழியில் கிளாஸ் என்பது இட்லித் தட்டு, ஆப்ஜெக்ட் என்பது அதில் வெந்த இட்லி. முதல் நாள் நானும் இப்படித்தான் சொல்லித் தருவேன், சட்டென்று புரிந்துவிடும். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் அடுத்த வாரமே சிக்கல். இட்லித் தட்டு தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாது. பைத்தானில் கிளாஸ் வைத்துக்கொள்ளும். புதிதாகக் கற்பவர்கள் தடுக்கி விழும் இடங்களில் பல இங்கேதான் இருக்கின்றன.

மளிகைக் கடைப் பற்று நோட்டை எடுத்துக்கொள்வோம். 'பற்று' என்று ஒரு கிளாஸ். பைத்தான் 3-இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். கிளாஸ் வரிக்கு நேர் கீழே

பொருள்கள் = []

என்று ஒரு வெற்று லிஸ்ட்டை (பட்டியலை) எழுதுகிறோம். 'சேர்' என்ற மெத்தட் (கிளாஸுக்குள் எழுதும் செயல்முறை) இந்த லிஸ்ட்டில் ஒரு பொருளைச் சேர்க்கும். மீனா என்ற வாடிக்கையாளரை வைத்து ஓட்டிப் பார்க்கிறோம். அரிசி சேர்கிறது, பருப்பு சேர்கிறது, எல்லாம் சரி. அப்புறம் முருகன் வருகிறார்.

மீனா = பற்று()
முருகன் = பற்று()
மீனா.சேர்("அரிசி")

இப்போது முருகன்.பொருள்கள் என்று அச்சிட்டால் அதிலும் அரிசி இருக்கிறது! அவர் இன்னும் கடைக்குள் காலே வைக்கவில்லை. பிழைச் செய்தியும் எதுவும் வராது. கிளாஸுக்குக் கீழே எழுதிய லிஸ்ட் ஒன்றே ஒன்றுதான். அது கிளாஸிடம் இருக்கிறது. முருகனிடம் 'பொருள்கள்' எங்கே என்று கேட்டால், பைத்தான் முதலில் முருகன் என்ற ஆப்ஜெக்ட்டுக்குள் தேடும், இல்லையென்றால் கிளாஸில் போய் எடுத்து வரும். மீனாவுக்கும் அதே கதைதான். ஊருக்கே ஒரே நோட்டு.

இதில் இன்னொரு பொறி உண்டு. லிஸ்ட்டுக்குப் பதிலாக அதே இடத்தில் 'பாக்கி = 0' என்று எழுதி, மெத்தட்டுக்குள் செல்ஃப்.பாக்கி += 50 என்று கூட்டினால் (எந்த ஆப்ஜெக்ட்டுக்காக மெத்தட் ஓடுகிறதோ அதுதான் செல்ஃப்) சரியாகவே வேலை செய்யும். கிளாஸில் இருக்கும் 0-வைப் படித்து, 50-ஐக் கூட்டி, வந்த விடையை அந்த ஆப்ஜெக்ட்டுக்குள் புதிதாக எழுதிவிடும். எண்ணில் சரியாக வந்ததே என்ற தைரியத்தில் லிஸ்ட்டிலும் அப்படியே எழுதுவார்கள், அங்கே கவிழ்ந்துவிடும். சேர்ப்பது என்றால் இருக்கிற லிஸ்ட்டையே மாற்றுவது, புதிதாக ஒன்று பிறப்பதில்லை. ஜாவா மொழியில் ஸ்டாடிக் என்று வெளிப்படையாக எழுதினால்தான் எல்லா ஆப்ஜெக்ட்டுக்கும் பொதுவாகும். பைத்தானில் எந்த இடத்தில் எழுதுகிறோம் என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

தீர்வு எளிது. இனிட் (__init__) மெத்தட்டுக்குள் செல்ஃப்.பொருள்கள் = [] என்று எழுதுங்கள். ஒவ்வொரு முறை ஆப்ஜெக்ட் பிறக்கும்போதும் அந்த வரி ஓடி, தனி லிஸ்ட் வரும். ஆனால் இனிட்டின் அடைப்புக்குறிக்குள் பொருள்கள்=[] என்று இயல்பு மதிப்பாக (எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பாக) கொடுத்து, அதையே செல்ஃபில் வைத்துவிடாதீர்கள். அந்த லிஸ்ட் மெத்தட்டை வரையறுக்கும்போது ஒரே முறைதான் உருவாகும். விரட்டிய பேய் கொல்லைப்புறமாக மறுபடி உள்ளே வரும்.

இனிட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் அது சாதாரண மெத்தட் ஆகிவிடும், பைத்தான் அதைத் தானாகக் கூப்பிடாது. மெத்தட்டில் செல்ஃபை எழுத மறந்தால், "ஒன்றுதான் வாங்குவேன், இரண்டு கொடுத்திருக்கிறாய்" என்ற பொருளில் பிழை வரும். நான் ஒன்றுதானே கொடுத்தேன் என்று குழம்ப வேண்டாம். மீனா.சேர்("அரிசி") என்றால் மீனாவும் சேர்ந்தே உள்ளே போகிறார்.

அடைப்புக்குறியை விடுவது இன்னும் ஆபத்து. மீனா = பற்று என்று எழுதினால் ஆப்ஜெக்ட்டே பிறக்கவில்லை, கிளாஸுக்கே இன்னொரு பெயர் வைத்திருக்கிறோம். பிறகு மீனா.ஊர் = "தேனி" என்றால் அது சத்தமில்லாமல் கிளாஸில் போய் உட்கார்ந்து, எல்லோரையும் தேனிக்காரர் ஆக்கிவிடும். முருகன் = மீனா என்று எழுதுவதும் நகல் எடுப்பதாகாது. ஒரே நோட்டை இரண்டு பேர் பிடித்திருப்பதுதான் அது. பைத்தானோடு வரும் காப்பி (copy) மாட்யூலின் சாதாரண நகலும் போதாது, வெளி நோட்டு புதிதாக இருக்கும், உள்ளே லிஸ்ட் பழையதே. முழுத் தனி நகல் வேண்டுமென்றால் அதே மாட்யூலின் டீப்காப்பி (deepcopy).

இதையெல்லாம் கற்ற உற்சாகத்தில் எல்லாவற்றையும் கிளாஸாக்கத் தோன்றும். கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற இந்த ஏற்பாடு 1960களில் நார்வேயின் ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா மொழியிலிருந்து வந்தது. நிஜ உலகின் இயக்கத்தைக் கணினியில் நடத்திப் பார்க்க, ஒவ்வொன்றும் தன் நிலையைத் தானே சுமக்க வேண்டியிருந்தது. நினைவில் வைக்க எதுவும் இல்லாமல் வரித் தொகையை மட்டும் கணக்கிட்டுத் தருவதற்கு, கிளாஸுக்கு வெளியே எழுதும் ஒரு தனி ஃபங்ஷனே போதும்.

நான் கற்றுத்தரும் யாரையும் ஒரே ஆப்ஜெக்ட்டோடு சோதனையை முடிக்க விடுவதில்லை. ஒரே ஒரு மீனா இருக்கும்வரை, பொது நோட்டுக்கும் தனி நோட்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கிளாஸை எழுதியதும் இரண்டு ஆப்ஜெக்ட்டை உருவாக்குங்கள். ஒன்றில் மட்டும் அரிசியைச் சேருங்கள். மற்றதை அச்சிட்டுப் பாருங்கள், வெற்று லிஸ்ட்தான் வர வேண்டும்.