அறக்கட்டளைகள் சமூக ஊடகத்துக்கு வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் ஒரு சிறிய அறக்கட்டளை சமூக ஊடகத்துக்கு வரும் விதம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. அறங்காவலர் கூட்டம் முடியும் நேரத்தில் “நமக்கும் ஒரு முகநூல் பக்கம் வேண்டும்” என்று ஒருவர் சொல்கிறார். அலுவலகத்தில் வயதில் இளையவரிடம் பொறுப்பு போகிறது. அவர் தம் கைப்பேசியிலேயே பக்கத்தைத் திறந்து, இலச்சினையை ஏற்றி, தலைவரின் படத்தையும் பணம் அனுப்புவதற்கான கியூஆர் குறியையும் சேர்த்து அன்று மாலைக்குள் வேலையை முடித்துவிடுகிறார். நன்றாக எழுதத் தெரியவில்லையே, காணொளி எடுக்க ஆளில்லையே என்றுதான் பொறுப்பாளர்கள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை தேவையில்லை என்று சொல்லமாட்டேன். ஆயினும் பக்கம் யார் பெயரில் இருக்கிறது, பணம் எந்தக் கணக்கில் விழுகிறது, யாருடைய முகம் யார் சம்மதத்தோடு காட்டப்படுகிறது என்ற மூன்றையும் முதல் பதிவுக்கு முன்பே முடிவுசெய்யாத நிறுவனத்தை எவ்வளவு நல்ல எழுத்தும் காப்பாற்றாது.

பக்கம் யாருடைய கையில்

முகநூலில் தனிநபர் கணக்கையே நிறுவனத்தின் பெயரில் தொடங்கி, பார்த்தவர்களுக்கெல்லாம் நட்பு அழைப்பு அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தனிநபர் கணக்கில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. நிறுவனத்தின் பெயரில் அப்படி நடத்துவது முகநூலின் விதிகளுக்கும் புறம்பானது என்பதால் என்றைக்கு வேண்டுமானாலும் முடக்கப்படலாம். அமைப்புகளுக்கென்று இருப்பது ‘பக்கம்’ என்ற தனி வசதி. அதிலும் ஒரே ஒருவரை நிர்வாகியாக வைத்துவிட்டு மற்றவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். அந்த ஒருவர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போகும்போது, பல ஆண்டுப் படங்களும் பின்தொடர்பவர்களும் அவரோடு போய்விடுகின்றனர். நிறுவனத்தின் பெயரில் வாங்கிய சிம் அட்டை, நிறுவனத்தின் மின்னஞ்சல், அறங்காவலர் ஒருவர் உட்படக் குறைந்தது இரண்டு நிர்வாகிகள், ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு ஆகியவற்றைக் கூட்டத் தீர்மானமாகவே குறிப்பேட்டில் எழுதிவைப்பது நல்லது. “உங்கள் பக்கம் காப்புரிமை விதியை மீறியுள்ளது, 24 மணி நேரத்தில் முடக்கப்படும், இங்கே அழுத்துங்கள்” என்று முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பெயரில் வரும் செய்திகள் பெரும்பாலும் கடவுச்சொல்லைப் பறிப்பதற்கான வலை என்பதையும் அந்த இருவருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

பணம் விழும் இடம்

எல்லாத் தவறுகளிலும் விலை அதிகமானது, அறங்காவலர் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கோடு இணைந்த கியூஆர் குறியைப் பொதுவெளியில் போடுவது. அவசரத்துக்காக, நல்ல எண்ணத்தோடுதான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பணம் அனுப்புபவரின் திரையில் அறக்கட்டளையின் பெயருக்குப் பதிலாகத் தனிமனிதர் ஒருவரின் பெயர் தோன்றுகிறது. விவரம் தெரிந்தவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். அனுப்பிவிட்டவர்களுக்கு நிறுவனத்தின் பெயரில் ரசீது தருவதும் தணிக்கையாளருக்குக் கணக்குக் காட்டுவதும் பெரும்பாடு. கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும், யார் அனுப்பினார் என்று பதிவு செய்யாமல் விட்டால் அது பூட்டில்லாத உண்டியலாகிவிடும். பெயர், முகவரி இல்லாத நன்கொடைகள் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அவற்றுக்கு 30 சதவீத வரி என்பது வருமான வரிச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு. முழுக்க மதம் சார்ந்த அறக்கட்டளைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே கியூஆர் குறியின் கீழேயே, பணம் அனுப்பியவர் தம் பெயரையும் முகவரியையும் பான் எண்ணையும் தெரிவிக்க ஓர் எளிய படிவம் இருக்க வேண்டும். பான் எண்ணைப் பின்னூட்டத்தில் எழுதச் சொல்லும் பக்கங்களும் உண்டு. அதைவிட ஆபத்தான யோசனை வேறில்லை.

நன்கொடை தந்தவருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கும் என்று சொல்லும் ‘80ஜி வரிச்சலுகை உண்டு’ என்ற வரியையும் யோசித்தே போட வேண்டும். அதற்காக நிறுவனம் வரித்துறையிடம் பெற்ற பதிவு நடப்பில் இருக்கிறதா, புதுப்பிக்க வேண்டிய காலம் கடந்துவிட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்த நன்கொடைக்கு அந்தச் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. 2021-22ஆம் நிதியாண்டு முதல், நன்கொடையாளர் விவரங்களை 10பிடி படிவத்தில் மே 31க்குள் தாக்கல் செய்து 10பிஇ சான்றிதழ் தரும் கடமை நிறுவனத்துக்கு வந்தது. அதைச் செய்யாமல் விட்டால் நன்கொடையாளர் சலுகை கோரும்போது சிக்கல் எழும். சலுகை உண்டு என்று நம்பிப் பணம் தந்து, பிறகு அது கிடைக்காமல் போனவர் திரும்பி வருவதில்லை. பின்னூட்டத்தில் அதை எழுதவும் செய்வார்.

வெளிநாட்டுத் தமிழர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பதிவு சிங்கப்பூருக்கும் கனடாவுக்கும் சென்றடைவதைப் பெருமையாக நினைக்கும் பொறுப்பாளர்கள், அங்கிருந்து வரும் பணத்தைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவோ முன் அனுமதியோ இல்லாத நிறுவனம் வெளிநாட்டு நன்கொடையைப் பெறக் கூடாது. 2020இல் வந்த திருத்தத்துக்குப் பின், பதிவு பெற்ற நிறுவனமும் அத்தகைய பணத்தைப் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கில்தான் முதலில் பெற வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட தமிழர் அனுப்பினால், ரூபாயாகவே அனுப்பினாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். பெயரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், “நீங்கள் இந்தியக் குடிமகனா?” என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இருந்தாக வேண்டும்.

போலிக் கணக்குகளும் இதே தலைப்பில் வருபவை. 2020 மார்ச் இறுதியில் பிரதமரின் கொரோனா நிவாரண நிதி அறிவிக்கப்பட்டவுடனேயே, அதன் யுபிஐ முகவரியில் ஓர் ஆங்கில எழுத்தை மட்டும் விட்டுவிட்ட போலி முகவரி பரவியது. பிரதமர் பெயரிலான நிதிக்கே அந்த நிலை. சரியான யுபிஐ முகவரியைப் பக்கத்தின் முகப்பில் நிலையாக வைத்து, வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களை நம்பாமல் அங்கு வந்து சரிபார்க்கச் சொல்வது சிறிய நிறுவனத்தாலும் இயலும் காரியம்.

படத்தில் இருப்பவர்

தையல் இயந்திரம் ஒன்றைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் கைவைத்து நிற்கும் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பின்னால் ஃபிளெக்ஸ் பேனர். நடுவில் சால்வை போர்த்திய சிறப்பு விருந்தினர். இயந்திரத்தைப் பெற்றுக்கொள்ளும் பெண் ஓரத்தில், பார்வை தரையில். நன்கொடை தந்தவருக்குக் காட்ட அலுவலகக் கோப்பில் அப்படி ஒரு படம் தேவையாக இருக்கலாம். அதையே பொதுவெளியில் போடும்போது, அந்தப் பெண்ணின் மகளுடைய வகுப்புத் தோழிகளும் அதைப் பார்ப்பார்கள் என்பதை நினைக்க வேண்டும். சில மாதம் கழித்து, அவர் தைத்து அடுக்கிய பள்ளிச் சீருடைகளையும் அளவு குறித்த நோட்டையும் படமெடுத்து, ஒரு சீருடைக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தால், அந்த இயந்திரம் என்ன செய்தது என்பது பார்ப்பவருக்குப் புரியும்.

மரியாதையோடு சட்டமும் சேர்ந்தது இது. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைசெய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கண்ணை மட்டும் மறைத்துவிட்டு, சீருடையில் பள்ளிச் சின்னமும் விளக்கத்தில் ஊர்ப் பெயரும் தாயின் பெயரும் தெரிய விட்டால் மறைத்ததற்கு அர்த்தமில்லை. எச்ஐவி தொற்றுள்ளவர்கள், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோரின் விவரங்களுக்கும் 2017இல் இயற்றப்பட்ட தனித்தனிச் சட்டங்கள் பாதுகாப்புத் தருகின்றன. வயது வந்தவர்களிடம் சம்மதம் வாங்கும்போது, படம் எங்கெல்லாம் போகும், மறுத்தால் உதவி நிற்காது, பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம் என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். அரிசிப் பை வாங்க வரிசையில் நிற்பவரிடம் கேட்டு வாங்குவது சம்மதமாகாது.

என்ன கேட்கிறோம்

2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பகுதியில் சாலையோரங்களில் பழைய துணிகள் குவிந்து கிடந்தன. மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொட விரும்பவில்லை. அகற்றுவதே தனி வேலையாயிற்று. ‘உதவுங்கள்’ என்று மட்டும் கேட்டால், கொடுப்பவர் தம்மிடம் மிஞ்சியதைத்தான் கொடுப்பார். இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு 2014இல் ஐதராபாத் பத்திரிகையாளர் மஞ்சு லதா கலாநிதி தொடங்கிய அரிசி வாளிச் சவால்: ஒரு வாளி அரிசியைத் தேவைப்படும் ஒருவருக்குக் கொடுத்துப் படமெடுத்துப் போடுங்கள் என்றார். என்ன, எவ்வளவு, யாருக்கு என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் இருந்தது. அந்தப் படம் எடுக்கும் பகுதி மட்டும் எனக்கு உடன்பாடில்லை; முன்பு சொன்ன காரணமே.

மாலை நேர வகுப்பு நடத்தும் நிறுவனம் ‘ஏழை மாணவர் கல்விக்கு உதவுவீர்’ என்று எழுதுவதைவிட, 30 மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம் தேவை, ஒருவருக்கு 450 ரூபாய், 22 பேருக்குக் கிடைத்துவிட்டது, பள்ளி திறப்பதற்குள் மீதி எட்டுப் பேருக்கு வேண்டும் என்று எழுதலாம். தொகை சேர்ந்ததும் அதே பதிவில் ‘நிறைவடைந்தது’ என்று திருத்த வேண்டும். தேதியில்லாத வேண்டுகோள் செய்யும் தொல்லையை, ‘அவசரம், ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை’ என்று ஆண்டுக்கணக்கில் சுற்றும் செய்திகளில் காணலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் ஏற்கெனவே உணவு போய்ச் சேர்ந்த தெருக்களுக்கான வேண்டுகோள்களும் அப்படித்தான் பகிரப்பட்டுக்கொண்டிருந்தன.

வைரலாக வேண்டும் என்ற ஆசையைத் தொடக்கத்திலேயே விட்டுவிடலாம். அரிசி வாளிக்கு முன்னோடியான, பனிக்கட்டி நீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும் பனிக்கட்டி வாளிச் சவாலால் 2014 கோடையில், ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காகப் பாடுபடும் அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் வந்தது. அதைத் திட்டமிட்டுத் தொடங்கியது அந்தச் சங்கம் அல்ல. நோயாளிகளும் அவர்களின் நண்பர்களும் பரப்பியது. அடுத்த ஆண்டு முயன்றபோது அந்தத் தொகையின் அருகில்கூடப் போக முடியவில்லை.

ஒரே நேரத்தில் முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ் என எல்லாவற்றிலும் கணக்குத் திறப்பதும் வீண். ஆள் குறைவான நிறுவனத்துக்கு ஒரு தளமும் வாட்ஸ்அப்பும் போதும். வாட்ஸ்அப்பிலும் நன்கொடையாளர்கள் அனைவரையும் ஒரே குழுவில் சேர்த்தால், ஒருவரின் எண் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரையே சேர்க்கலாம், அதுவும் நிறுவனத்தின் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கே செய்தி போய்ச் சேரும். பின்தொடர்பவரின் எண் மற்றவர்களுக்குத் தெரியாத ‘சேனல்’ வசதி பொது அறிவிப்புக்குப் பொருத்தமானது. தட்டச்சு பற்றியும் ஒரு சொல்: பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த அறிக்கையை அப்படியே ஒட்டினால் முகநூலில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதற்குப் பயந்து எல்லாவற்றையும் படமாக்கிப் போடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பார்வையற்றவரின் திரைவாசிப்பான் பெரும்பாலும் படித்துக் காட்டுவதில்லை. யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுவது சில நிமிட வேலை.

கடைசியாகப் பின்னூட்டங்கள். “ரசீது கிடைக்குமா?” என்ற கேள்வி நான்கு நாள் பதிலின்றிக் கிடக்க, அதற்கு மேலே தலைவரின் பொங்கல் வாழ்த்து மின்னும் பக்கங்கள் எத்தனையோ உள்ளன. “போன வருடம் வாங்கிய பணம் என்ன ஆயிற்று?” என்று எவரேனும் கேட்டால், அந்தப் பின்னூட்டத்தை நீக்கத்தான் முதலில் கை போகும். நீக்கினால் கேட்டவர் அதைத் திரைப்பிடிப்பு எடுத்துத் தம் பக்கத்தில் போடுவார். வசவை நீக்கலாம், கேள்வியை நீக்கக் கூடாது. தணிக்கை அறிக்கையை ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தால், அதன் இணைப்பைக் கொடுத்து, எந்தப் பக்கத்தில் எந்தத் தொகை இருக்கிறது என்று இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம்.