வாவிக்கரையில் நடைபாதையா? காசுக்கு முன் திட்டம் கேளுங்கள்

மட்டக்களப்பு வாவியோரத்தில் ஒரு நடைபாதை, நாலு வாங்கு, கொஞ்சம் கண்டல் மரம் என்று ஆசைப்படுகிற ஊர்ச் சங்கங்கள் நிறைய. ஆனால் முதல் கடிதமே நிதி கேட்டுப் போய்விடுகிறது. அமெரிக்காவில் ஆறுகளுக்கும் நடைபாதைகளுக்குமாக தேசியப் பூங்காச் சேவை நடத்தும் உதவித் திட்டம் பணமே கொடுப்பதில்லை. திட்டமிடத் தெரிந்த அலுவலரின் உழைப்பைத்தான் ஊருக்குக் கொடுக்கிறது. நாமும் அதையே முதலில் கேட்போம்.

முதலில் கரையை நடந்து பாருங்கள். விடியற்காலையில், தோணிகள் கரைக்கு வரும் நேரத்தில், மீனவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். தோணி எங்கே இழுத்து விடுகிறார்கள், வலை எங்கே காய்கிறது என்று கொப்பியில் கீறிக்கொள்ளுங்கள். கரையோர மதில்களையும் உற்றுப் பாருங்கள். போன மாரியில் வெள்ளம் நின்ற உயரம் பழுப்புக் கோடாகப் படிந்திருக்கும். கோடையில் பார்த்து வாங்கு வைத்தால் மார்கழியில் அது தண்ணீருக்குள். இந்த வேலைக்கு இரண்டு வாரம் எடுத்தாலும் தகும்.

அப்புறம் கிராம சேவகரிடம் போய், அந்தக் காணி அரச காணியா, தனியார் காணியா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, இனி அனுமதி. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம் கடலுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 2011இல் வந்த திருத்தத்தால், கடலோடு தொடுக்கும் வாவிகளின் கரையிலிருந்து 100 மீற்றர் வரையான நிலமும் அதற்குள் வருகிறது. சின்ன மேடை கட்டுவதானாலும் கரையோரம் பேணல் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பதிவு செய்த சங்கத்தின் பெயரில் பிரதேச செயலாளருக்குக் கடிதம் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்: "நிதி கேட்கவில்லை. இந்த இடத்தை ஒருநாள் வந்து பார்த்து, வரைபடம் போட உதவ ஓர் அலுவலரை அனுப்பித் தாருங்கள்." கீறிய படத்தை இணையுங்கள். பிரதி ஒன்று மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ போகட்டும். நாளை குப்பை அள்ள வேண்டியவர்கள் அவர்கள்தான்.

கண்டல் நடுவதைக் கடைசிக்கு வையுங்கள். இலங்கையில் ஆழிப்பேரலைக்குப் பிறகு நட்ட கண்டல்களில் பெரும்பகுதி பட்டுப்போனதற்கு, பொருந்தாத இடத்தில் நட்டது முக்கிய காரணம். முன்பு கண்டல் நின்ற இடம் எது என்று கரையில் தோணி கட்டும் பெரியவரிடம் கேட்டு, அந்த இடத்தையும் அதே படத்தில் குறியுங்கள்.