பழைய இரத்தினக் கற்களை விற்பதற்கு முன்: மறுவிற்பனை மதிப்பை அறியும் வழி

தங்கத்தை விற்கப் போகிறவருக்கு ஒரு வசதி உண்டு. அன்றைய கிராம் விலை காலையிலேயே தெரிந்துவிடுகிறது. கடைக்காரர் உரசிப் பார்த்தோ இயந்திரத்தில் வைத்தோ தரத்தைச் சொல்லிவிட்டால், மீதி வெறும் பெருக்கல் கணக்குதான். கல்லுக்கு அப்படிப்பட்ட விலைப் பலகை கிடையாது. ஒரே அளவில், வெறும் கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு சிவப்புக் கற்களில் ஒன்று சில நூறு ரூபாய்க்கும் மற்றொன்று சில லட்ச ரூபாய்க்கும் போகக்கூடும். ஆகவே பாட்டி வழியில் வந்த வைரத் தோட்டையோ, எப்போதோ வாங்கி அணியாமல் கிடக்கும் நீலக்கல் மோதிரத்தையோ விற்க முடிவு செய்தவர், அது என்ன கல் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். விலை பேசுவது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

வாங்கிய விலை ஏன் திரும்பி வருவதில்லை

கடையில் நாம் கொடுத்த தொகையில் கல்லின் மொத்த வியாபார விலை ஒரு பகுதி மட்டுமே. அதன்மேல் கடையின் லாபம், செய்கூலி, நகைக்கான 3 சதவீத ஜிஎஸ்டி ஆகியவை சேர்ந்திருக்கின்றன. விற்கும்போது இவற்றில் எதுவும் நமக்குத் திரும்பாது. அதோடு, நம்மிடமிருந்து வாங்கும் நகைக்கடைக்காரர் அதே தரமுள்ள கல்லைத் தம் வழக்கமான மொத்த வியாபாரியிடம், பெரும்பாலும் கடனுக்கே, எடுத்துக்கொள்ள முடியும். அப்படியிருக்க, கையில் பணத்தை எண்ணி வைத்து நம்மிடம் வாங்குவதற்கு அவர் மொத்த விலைக்கும் குறைவாகத்தான் கேட்பார். இது அநியாயம் அன்று. ஆனால் மொத்த விலை எவ்வளவு என்று நமக்குத் தெரியாதபோது அந்தக் குறைவு எங்கே போய் நிற்கும் என்பதற்கு எல்லையே இல்லாமல் போய்விடுகிறது. அடிமாட்டு விலைக்குக் கேட்டாலும் நியாயமாகத்தான் கேட்கிறார் என்று நம்பிவிடுகிறோம்.

காப்பீட்டுக்காக எழுதி வாங்கிய மதிப்பீட்டுச் சான்றை வைத்துக்கொண்டு அந்தத் தொகையை எதிர்பார்ப்பதும் வீண். நகை தொலைந்தால் அதேபோன்ற ஒன்றைப் புதிதாக வாங்க எவ்வளவு ஆகும் என்பதையே அது சொல்கிறது. ஆய்வுக்கூட அறிக்கையோ விலையைப் பற்றி எதுவும் சொல்லாது. கல்லின் இனம், எடை, நிறம், பதப்படுத்தல் ஆகியவற்றை மட்டும் அது பதிவுசெய்யும். விற்பனைக்கு உதவுவது இந்த இரண்டாவது தாள்தான்.

நகையிலிருந்து கல்லைப் பிரிப்பதற்கு முன்

பழைய ரசீது, கடையின் திரும்ப வாங்கும் நிபந்தனைகள் அச்சிட்ட சீட்டு, சான்றிதழ், நகைப்பெட்டி என்று கிடைப்பதையெல்லாம் தேடி எடுத்து வையுங்கள். ரசீதில் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை என்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பல பழைய ரசீதுகளில் இந்தப் பிரிவு இருக்காது. கல்லையும் தங்கத்தோடு சேர்த்து நிறுத்து, தங்க விலையிலேயே கணக்கிட்டு விற்ற நகைகள் ஏராளமாக உண்டு. அந்த நகையைத் திருப்பிக் கொண்டுபோகும்போது மட்டும் கல் எடை, உள்ளே இருக்கும் அரக்கின் எடை இரண்டும் கழிக்கப்படும். எடுத்துக்காட்டாக, 40 கிராம் எடையுள்ள கெம்பு அட்டிகையில் கல்லும் அரக்குமாக 9 கிராம் இருந்தால், பணம் 31 கிராமுக்குத்தான். இந்தக் கழிவு சரியானதுதான். ஆனால் கழித்த கற்கள் உங்களுடையவை. அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கல்லுக்கு மதிப்பில்லை என்று சொல்லிவிட்டு உருக்குவதற்கென்று நகையை அப்படியே உள்ளே எடுத்துப் போகும் இடத்தில், கற்களைக் கண் முன்னே பிரித்துத் தரும்படி சொல்ல எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை. மதிப்பில்லாத கல்லைத் திருப்பித் தருவதில் கடைக்கு எந்த நட்டமும் இல்லை.

கல்லை நீங்களே நெம்பி எடுக்க முயல வேண்டாம். மரகதம் சிறு அழுத்தத்துக்கே விளிம்பில் தெறித்துவிடும். சுத்தம் செய்வதாக எண்ணி அதைக் கொதிநீரிலோ, கடைகளில் உள்ள அதிர்வொலிக் கருவியிலோ இடவும் கூடாது. விரிசல்களை மறைக்க நிரப்பியிருக்கும் எண்ணெய் வெளியேறி, தெரியாமல் இருந்த கோடுகளெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். முத்துக்கும் பவளத்துக்கும் மெல்லிய ஈரத்துணி போதும்.

பழைய நகை என்றால் இயற்கைக் கல்தானா?

நம் வீடுகளில் ஆழமாக ஊன்றிப்போன நம்பிக்கை இது. கொள்ளுப்பாட்டி காலத்து நகை, அந்தக் காலத்தில் போலியெல்லாம் ஏது என்பார்கள். உண்மையில் பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னோய், தூளைத் தீச்சுடரில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் அந்தக் கற்கள் உலகச் சந்தையெங்கும் பரவின. திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்களில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது பல தலைமுறைகளாக ஊர் ஊராக நடந்துவந்த தொழில். எனவே நூறு வயதுள்ள அட்டிகையில்கூடச் செயற்கைக் கெம்பு இருக்கலாம். அதற்காக அன்று வாங்கியவர் ஏமாந்தார் என்று பொருளில்லை, அவர் தெரிந்தே வாங்கியிருக்கலாம். செயற்கை மாணிக்கமும் வேதியியல் முறையில் மாணிக்கமே என்பதால், கடினத்தன்மையைச் சோதிப்பதால் மட்டும் அதைப் பிரித்தறிய முடியாது. பெரிதாக்கிப் பார்க்கும்போது உள்ளே வளைந்த வளர்ச்சிக் கோடுகளோ வாயுக் குமிழிகளோ தெரிந்தால்தான் அது தீச்சுடரில் வளர்ந்தது என்பது வெளிப்படும். இயற்கைக் கல்லில் இந்தக் கோடுகள் நேராகவோ கோணமாகவோ ஓடும்.

முத்தின் கதை இதற்கு நேர்மாறாகவும் போகலாம். வளர்ப்பு முத்துகள் உலகச் சந்தையை நிறைப்பதற்கு முன்பு, அதாவது 1920களுக்கு முன்பு, கோத்த மாலையாக இருந்தால் அது பாரசீக வளைகுடாவின் பஸ்ரா முத்தாகவோ மன்னார் வளைகுடாவில் எடுத்த தூத்துக்குடி முத்தாகவோ இருக்க வாய்ப்புண்டு. இயற்கை முத்தின் விலை வளர்ப்பு முத்தினுடையதைப்போல் பல மடங்கு. உள்ளே கரு வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை எக்ஸ்ரே படம் காட்டிக்கொடுத்துவிடும். மங்கிப்போன, ஒழுங்கில்லாத பழைய முத்துச் சரத்தை யாருக்காவது சும்மா கொடுப்பதற்கு முன்பு இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

வைரத்தைப் பொறுத்தவரை, பேனா போன்ற கருவியைக் கல்லில் வைத்து, விளக்கு எரிந்தால் வைரம் என்று சொல்வது இன்று போதாது. வெப்பக் கடத்தலை மட்டும் அளக்கும் கருவி, வைரம்போல் தோன்றும் மாய்சனைட் என்ற வேறு கல்லையும் வைரம் என்றே காட்டும். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரத்தை அது பிரித்தறியாது. அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும். வளர்த்த வைரங்களின் விலை கடந்த பத்தாண்டில் பெரிதும் சரிந்துவிட்டதால், அவற்றை வாங்கிக்கொள்ளக் கடைகள் பெரும்பாலும் முன்வருவதில்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் விற்பதைவிட அணிந்து மகிழ்வதே நல்லது என்பது என் கருத்து.

நிறக்கற்களில் விலையைத் தீர்மானிப்பவை

நிறம், நீரோட்டம், உள்ளே தெரியும் புள்ளிகள், பட்டை ஆகியவற்றை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் மறுவிற்பனையில் விலையை அதிகம் புரட்டிப் போடுவது பதப்படுத்தல்தான். இலங்கையிலிருந்து வரும் நீலக்கற்களில் பெரும்பகுதி நிறத்துக்காகச் சூடேற்றப்பட்டவை. ‘கெவுடா’ எனப்படும் பால்நிற மங்கல் கற்களைத் தாய்லாந்து வியாபாரிகள் 1970களில் வாங்கிச் சென்று, உயர் வெப்பத்தில் நீலமாக மாற்றத் தொடங்கிய பிறகு இது பொது வழக்கமாயிற்று. சூடேற்றியது குற்றமில்லை; அந்தக் கல்லுக்கும் சந்தை உண்டு. ஆனால் அதே நிறமும் அளவும் கொண்ட கல் சூடு காணாதது என்று நம்பகமான அறிக்கை இருந்தால், அதன் விலை வெகுவாக உயர்ந்துவிடும். மாறாக, விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்துக்கு மறுவிற்பனை மதிப்பு இல்லையென்றே சொல்லலாம். இத்தகைய மாணிக்கங்கள் 2004 வாக்கில் சந்தைக்குள் நுழைந்தன. பார்வைக்கு அவை அழகானவை. எலுமிச்சைச் சாறு பட்டால்கூட அந்தக் கண்ணாடி அரிக்கப்படும். மரகதத்தில் எண்ணெய் இருப்பது இயல்பு; அது சிறிதளவா, நடுத்தரமா, மிகுதியா என்று அறிக்கை சொல்வதைப் பொறுத்து விலை மாறும். பர்மாவின் மோகோக், காஷ்மீர், கொலம்பியா போன்ற பிறப்பிடங்களுக்குத் தனி விலை உண்டு. ஆனால் ‘பர்மா கல்’ என்று வீட்டில் சொல்லிவந்ததை எந்த வியாபாரியும் ஏற்க மாட்டார். அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும்.

இங்கே ராசிக் கற்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். சோதிடர் சொல்லி வாங்கிய புஷ்பராகம், கோமேதகம், வைடூரியம் ஆகியவை வாங்கும்போது காட்டிய விலைக்கு அருகில்கூட விற்பதில்லை. ஒருவர் அணிந்த கல்லை, அதிலும் நீலத்தை, இன்னொருவர் அணியத் தயங்குவார். இந்தத் தயக்கமே சந்தையைச் சுருக்கிவிடுகிறது. விற்ற கடையிலேயே மாற்றிக்கொள்ளும் உடன்பாடு இருந்தால் அதுவே சிறந்த வழி. அப்படியில்லையென்றால், ராசி என்ற பேச்சே எடுக்காமல், வெறும் கல்லாக, ஆய்வறிக்கையோடு கல் வியாபாரியிடம் காட்டுங்கள்.

வைரத் தோட்டின் கணக்கு

ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு சென்ட். ஏழு கல் தோடு ஜோடியில் 14 கற்கள். ஒவ்வொன்றும் 10 சென்ட் என்றால் மொத்தம் 1.40 கேரட். இதைக் கேட்டதும் ஒன்றரை கேரட்டுக்கு நெருங்கிய வைரத்தின் விலையை மனம் எண்ணிவிடுகிறது. அது தவறு. 10 சென்ட் கல்லுக்கு உரிய கேரட் விலையில்தான் 1.40ஐப் பெருக்க வேண்டும்; பெரிய ஒற்றைக் கல்லின் கேரட் விலை அதைவிடப் பல மடங்கு உயர்ந்தது. 0.98 கேரட்டுக்கும் 1.01 கேரட்டுக்கும் இடையில்கூட விலை குறிப்பிடத்தக்க அளவுக்குத் தாவும். ஆகவே சிராய்ப்பை நீக்க மறுபட்டை தீட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், எடை எந்த எல்லைக்குக் கீழே போகும் என்று கேட்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

நம் பழைய தோடுகள் பெரும்பாலும் பின்புறம் மூடிய கட்டு. கல்லின் அடிப்பகுதி தெரியாததால் எடையும் நிறமும் வெறும் ஊகமாகிவிடுகின்றன. வாங்குகிறவர் அந்த ஊகத்தைத் தமக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வார். விற்பது உறுதியென்றால், நம்பிக்கையான பொற்கொல்லரிடம் உங்கள் முன்னிலையில் கட்டைப் பிரித்து, கற்களை எண்ணி, சென்ட் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் பெருமையாகச் சொல்லப்படும் புளூ ஜாகர் என்ற நீலச் சாயல் வைரம், தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்தின் பெயரால் வழங்குவது. அந்தச் சாயலுள்ள கற்களைத் தேடி வாங்குகிறவர்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருப்பதால், அவற்றை விவரம் தெரிந்த வைர வியாபாரிகளிடமே காட்ட வேண்டும். சாதாரணக் கடையில் அது வெறும் பழைய வெட்டு வைரமாகவே கணக்கிடப்படும்.

மொத்த வியாபாரிகள் பயன்படுத்தும் ரேப்பபோர்ட் விலைப்பட்டியல் டாலரில் வாரந்தோறும் வெளியாகிறது. அதன் விலைக்கே யாரும் வாங்குவதில்லை. அதில் இத்தனை சதவீதம் கழிவு என்றுதான் பேரம் நடக்கும். எத்தனை சதவீதக் கழிவில் கேட்கிறீர்கள் என்று நீங்கள் கேட்டாலே பேச்சின் போக்கு மாறிவிடும்.

யாரிடம் விற்பது, எப்படிக் கொடுப்பது

ஜிஐஏ, ஐஜிஐ, ஜெய்ப்பூரின் ஐஐஜிஜே ஆய்வுக்கூடம் (முன்பு இரத்தினப் பரிசோதனைக் கூடம்) போன்ற சுதந்திரமான பரிசோதனை நிறுவனங்களின் அறிக்கைதான் சந்தையில் செல்லும். விற்ற கடையே அச்சிட்டுக் கொடுத்த அட்டை செல்லாது. இலங்கையில் இருப்பவர்கள் தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையின் பரிசோதனையைப் பெறலாம். சிறு கற்கள் ஒவ்வொன்றுக்கும் அறிக்கை எடுப்பது செலவுக்குக் கட்டுப்படியாகாது. பெரிய கற்களுக்கு மட்டும் எடுங்கள்.

வைர நகையென்றால், ரசீதும் சான்றிதழும் இருந்தால், வாங்கிய கடையே பெரும்பாலும் முதல் இடம். ஆனால் மாற்றிக்கொள்வதற்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு வேறு விலை என்பதை எழுத்தில் கேளுங்கள். அடுத்து, சென்னை சவுகார்பேட்டை போன்ற மொத்த வியாபார இடங்களில் குறைந்தது மூன்று பேரிடமாவது, ஒருவர் சொன்ன விலையை மற்றவரிடம் சொல்லாமல், விலை கேளுங்கள். அடகுக் கடையும் வங்கியும் கல்லைக் கணக்கில் எடுப்பதில்லை. கல் பெரிதாகவும் அரிதாகவும் இருந்தால் ஏல நிறுவனங்களையும் நாடலாம். ஆனால் நூறாண்டுக்கு மேற்பட்ட நகை இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு உட்படக்கூடும் என்பதால், வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனை இருந்தால் முதலில் சட்ட ஆலோசனை பெற வேண்டும்.

ஆளுக்குக் காட்டிவிட்டு வருகிறேன் என்று தரகர் கல்லைக் கேட்டால், எடை, அளவு, அறிக்கை எண், பேசிய விலை, திருப்பித் தரும் நாள் ஆகியவை குறித்த ஜாங்கட் சீட்டில், அதாவது கல்லை விற்றுத்தர ஒப்படைத்ததற்கான ஒப்புகைச் சீட்டில், கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன் நிழற்படம் எடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் அதே தராசில் நிறுத்துப் பாருங்கள்.

பணத்தை வங்கி வழியாகவே பெறுங்கள். இரண்டு லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை இந்திய வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. தண்டம் ரொக்கத்தை வாங்கியவர் மீதே விழும், அதாவது விற்ற உங்கள் மீது. நகையும் இரத்தினமும் மூலதனச் சொத்து என்பதால் லாபத்துக்கு வரி உண்டு. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம். மரபுவழி வந்த நகைக்கு முன்னோர் வைத்திருந்த காலமும் சேரும். 2001 ஏப்ரல் 1க்கு முன்பே குடும்பத்தில் இருந்ததென்றால், அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தேதிக்குரிய மதிப்பீட்டை, கல் கைமாறுவதற்கு முன்பே, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். விற்ற பிறகு அவர் பார்ப்பதற்குக் கல் உங்களிடம் இருக்காது.