பழைய பைக் பாதி வழியில் நிற்கிறதா? கார்புரேட்டரில் கை வைக்கும் முன்

1994-இல் வந்த ஸ்பிளெண்டர் போன்ற பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பம்பு கிடையாது. டேங்க் மேலே; பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தன் எடையாலேயே இறங்கிவிடும். ஆகவே பழுதையும் மேலிருந்து கீழாகத் தேடுங்கள். எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைக் கழற்றுவது வீண் வேலை.

எஞ்சின் ஆறியிருக்கட்டும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து தூரத்து நெருப்பையும் எட்டிவிடும்.

முதலில், குறை பெட்ரோலில்தானா என்று உறுதி செய்யுங்கள். சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் விசை) இழுத்துப் பத்துப் பதினைந்து முறை உதைத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் வருகிறது; மின்பொறியைக் கவனியுங்கள். ஓடும்போது திணறுகிற வண்டி சோக்கை இழுத்ததும் தெளிந்தால், பெட்ரோல் போதவில்லை என்று பொருள்.

அடுத்தது டேங்க் மூடி. பெரும்பாலோர் இதை மறந்துவிடுகிறார்கள். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் சிறு துளை உண்டு. அது அடைத்தால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். என் வண்டி ஆறேழு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று, கால் மணி நேரம் கழித்துத் தானாகக் கிளம்பியது. கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்துக் கழுவியும் தீரவில்லை. ஒருநாள் நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது, வண்டி ஒரே உதையில் கிளம்பியது. துளையில் இருந்தது காய்ந்த சேறு.

மூடி சரியென்றால், டேங்க்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகுக் குழாயான பெட்ரோல் காக்கை மூடிவிட்டுக் கார்புரேட்டரில் மாட்டியிருக்கும் டியூபை உருவி, ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் விடுங்கள். இப்போது காக்கைத் திறந்தால் நூல் பிடித்தாற்போல் ஒரே சீராக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் காக்கின் சல்லடை, ஃபில்டர், மடங்கிய டியூப் ஆகியவற்றைப் பாருங்கள். டேங்க்கில் நிறையப் பெட்ரோல் இருந்தும் ரிசர்வில் மட்டும் வந்தால், உள்ளே நிற்கும் குழாய் அடைத்திருக்கிறது. புட்டியைச் சற்று நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் துரு படிந்தாலோ நீர்த்துளிகள் உருண்டாலோ டேங்க்கையே கழுவ வேண்டும்.

இதுவரை எல்லாம் சரியென்றால்தான் கார்புரேட்டர். டியூபை மாட்டிக் காக்கைத் திறந்து, அடிக்கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்துங்கள். பெட்ரோல் வராவிட்டால், கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடும் ஃப்ளோட் ஊசி ஒட்டியிருக்கலாம். நன்றாக வந்தால், பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைத் திருகான ஜெட்டில் அடைப்பு: ஐடிலிங் நிற்காவிட்டால் பைலட் ஜெட், ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது திணறினால் மெயின் ஜெட்.

ஜெட்டைக் கம்பியால் குத்தவே கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். கிளீனர் தெளித்துக் காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் மாட்டிய பின் காக்கைத் திறந்து, கிண்ணம் நிரம்ப ஒரு நிமிடம் விட்டு உதையுங்கள்.