சாய்ஞ்ச கரண்ட் கம்பத்தை மாத்த வெச்சது எப்படி - என் அனுபவம்

எங்க தெரு முனைல ஒரு கம்பம், அடில சிமெண்ட் பேந்து துருப்பிடிச்ச கம்பி வெளிய தெரியும், தெருவிளக்கு ஃப்யூஸ் பாக்ஸ் மூடி இல்லாம குழந்தைங்க கை எட்டுற உயரத்துல தொங்கிட்டு இருந்துச்சு. கரண்ட் ஆபீஸ்ல கேட்டா லைட்டு உள்ளாட்சியோடது அங்க போங்கம்பாங்க, அங்க போனா கம்பம் எங்களுது இல்ல சார்னு திருப்பி அனுப்புவாங்க, நல்லா பந்தாடுனாங்க.

கடைசில ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டேன். வெள்ளைப் பேப்பர், 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், தபால்ல அனுப்புனேன், அவ்ளோதான். பலரும் "ஏன் மாத்தல?"னு கேட்டு எழுதுறாங்க, அதுக்கு பதில் வராது, ஏன்னா சட்டப்படி ஆவணத்துல இருக்கறதைத்தான் குடுப்பாங்க. நான் கேட்டது, கம்பம் நம்பரைப் போட்டு, என் புகார் மேல எடுத்த நடவடிக்கையோட நகல், கடைசியா ஆய்வு பண்ண ரிப்போர்ட் நகல், பொறுப்பு அதிகாரியோட பதவி. முக்கியமா, "எங்களுது இல்ல"ன்னு தள்ளிவிட முடியாது, அந்தச் சட்டத்தோட பிரிவு 6(3)படி 5 நாளுக்குள்ள அவங்களே உரிய ஆபீஸுக்கு மாத்தி அனுப்பணும். இந்த ஒரு வரிய மனுவுலயே எழுதிட்டேன்.

பதில் குடுக்க 30 நாள் டைம் இருக்கு, ஆனா அது வர்றதுக்கு முன்னாடியே கரண்ட் ஆபீஸ் ஏஇ (உதவிப் பொறியாளர்) வந்து போட்டோ எடுத்தாரு (அதுவரைக்கும் எங்க இருந்தாரோ!), அடுத்து லாரில புதுக் கம்பம் வந்து இறங்கிடுச்சு. ஃப்யூஸ் பாக்ஸுக்கு மட்டும் இன்னும் மூடி வரல. அது உள்ளாட்சி கணக்காம், அவங்களுக்குத் தனியா ஒரு மனு டைப் பண்ணிட்டு இருக்கேன்.