ஊருக்கு எந்தச் சார்ஜரை எடுத்துப் போவது?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் நான் போய் இறங்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்றில் செல் தீர்ந்திருக்கும். அப்பா ரிமோட்டை உள்ளங்கையில் தட்டித் தட்டிச் சேனல் மாற்றுவார். அம்மாவின் பிரஷர் பார்க்கும் மெஷின் கைப்பட்டையில் பாதிக் காற்று ஏறியதும் அணைந்துவிடும். இதற்கு ஒரு வழி பண்ணலாம் என்று அமெரிக்காவிலிருந்து ஒரு சார்ஜரும் சார்ஜ் ஏற்றக்கூடிய எட்டு பென்சில் செல்லும் கொண்டுபோனேன். கன்வெர்ஷன் ப்ளக்கில் செருகி ஸ்விட்சைப் போட்டதும் ‘டப்’பென்று ஒரு சத்தம், கூடவே கருகல் வாசனை. அது 120 வோல்டுக்கு மட்டுமே ஆன சார்ஜர், நம்மூரில் 230. கன்வெர்ஷன் ப்ளக் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை அல்ல.

அதனால் சார்ஜரின் முதுகில் இருக்கிற பொடி எழுத்தைக் கிளம்புமுன் படித்துவிடுங்கள். 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, லண்டன்காரர்களுக்கு வோல்டேஜ் கவலை இல்லை, ப்ளக் மட்டும்தான் வேறு. என்னைக் கேட்டால் யூஎஸ்பியில் ஓடுவதே நல்லது. வீட்டில் இருக்கிற போன் சார்ஜரே போதும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்டு போனாலும் பவர் பேங்கில் செருகலாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

அடுத்தது, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கிற சார்ஜரா என்பது. மலிவானவை இரண்டிரண்டாகத்தான் ஏற்றும். ஒரு செல் காலியாகவும் மற்றது பாதி நிரம்பியும் இருந்தால், நிரம்பியது சூடாகிக் கெட்டுப்போகும். கண்டுபிடிப்பது சுலபம்: ஒரே ஒரு செல்லைப் போட்டுப் பாருங்கள், ஏறவில்லை என்றால் ஜோடிச் சார்ஜர், வேண்டாம். சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் ரகச் செல் நிரம்பியதும் அதன் வோல்டேஜ் துளி இறங்கும். நல்ல சார்ஜர் அதைப் பார்த்துத் தானே நிறுத்திக்கொள்ளும்.

வேகத்துக்கு ஆசைப்படாதீர்கள். 2000 எம்ஏஎச் கொள்ளளவுள்ள செல்லுக்கு 500 மில்லி ஆம்பியர் போதும், நாலைந்து மணி நேரத்தில் ஏறிவிடும். கால் மணியில் ஏற்றுகிற ரகம் செல்லைச் சுட வைக்கும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம்.

செல் வாங்கும்போது, சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் அவ்வளவாக இறங்காத ரகமாகப் பாருங்கள். எனலூப் என்ற பிராண்ட் செல் 2005இல் வந்ததும் இந்தக் குணத்தோடுதான். சுவர்க் கடிகாரத்துக்கு இதெல்லாம் தண்டம், சாதாரணச் செல் போதும்.

ஒன்றே ஒன்றை மட்டும் வீட்டில் அழுத்திச் சொல்லிவிட்டு வாருங்கள்: கடையில் வாங்குகிற சாதாரணச் செல்லைச் சார்ஜரில் போடக் கூடாது. ஒழுகும், சில சமயம் வெடிக்கும். “தீந்துபோனதுதானேப்பா, ஏத்திப் பாத்தா என்ன?” என்று அம்மா கேட்டார். அப்புறம் சார்ஜ் ஏற்றக்கூடிய செல்களில் மட்டும் மார்க்கரால் எழுத்துப் போட்டேன். பிரஷர் மெஷினின் நாலுக்கும் ‘அ’, மாற்றுக்கு இருக்கிற நாலுக்கும் ‘ஆ’. எழுத்து இல்லாதது சார்ஜர் பக்கமே போகாது. ‘அ’வும் ‘ஆ’வும் ஒன்றோடொன்று கலக்காது.

பெட்டியில் வைக்கும்போது செல்களைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். சாவி, சில்லறையோடு உரசினால் ஷார்ட் ஆகும். பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் வர வேண்டும்.