பேய் வீட்டில் இரண்டு ஆண்களின் காதல்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஓக் மர உத்தரங்களுக்குள் ஒரு வண்டு வாழ்கிறது. வீடே அடங்கிய நேரத்தில் தலையை மரத்தில் முட்டி முட்டி 'டக் டக் டக்' என்று சத்தம் எழுப்பும். சாகக் கிடப்பவர் பக்கத்தில் விடிய விடிய விழித்திருந்தவர்கள் அதைக் கேட்டு, சாவு வந்து கதவைத் தட்டுகிறது என்று நடுங்கினார்கள். இங்கிலாந்தில் அதற்குச் சாவுக்காவல் வண்டு என்றே பெயர். ஆனால் அந்த வண்டு தன் துணையைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

பேய் உலவும் பழைய மாளிகையில் இரண்டு ஆண்களின் காதலை எழுத ஆசைப்படும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்த வண்டைப் பற்றித்தான். பயமும் காதலும் ஒரே சத்தத்திலிருந்து வர வேண்டும். இந்த வகைக் கதைகளைத் தேடித் தேடிப் படிப்பவன் நான். பாதியில் மூடிவைத்தவற்றில் எல்லாம் இரண்டும் தனித்தனியாகத்தான் கிடந்தன. மூன்று அத்தியாயம் பேய், அப்புறம் இரண்டு அத்தியாயம் முத்தம், மறுபடியும் பேய். பேயை எடுத்துவிட்டாலும் காதல் அப்படியே நடக்கும் என்றால் அந்தப் பேய்க்கு அங்கே வேலையே இல்லை. 'இந்த வீடு எதை மறைக்கிறது?' என்பது பேய்க்கதையின் கேள்வி. 'நான் எதை மறைத்து வாழ்கிறேன்?' என்பது காதலனின் கேள்வி. இரண்டுக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைக்கும்படி கதையைக் கட்டுங்கள்.

நிஜத்திலேயே அப்படி ஒரு வீடு இருக்கிறது. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் அருகே ஷிப்டன் ஹால். அங்கே வாழ்ந்து 1840இல் இறந்த ஆன் லிஸ்டர், பெண்கள்மேல் தனக்கிருந்த காதலைச் சங்கேத எழுத்தில் நாட்குறிப்பாக எழுதிவைத்தார். அரை நூற்றாண்டு கழித்து அதே வீட்டில் இருந்த ஜான் லிஸ்டர், ஒரு நண்பரோடு சேர்ந்து அந்தச் சங்கேதத்தை உடைத்தார். எரித்துவிடச் சொன்னார் நண்பர். ஜானுக்கு மனம் வரவில்லை. சுவரின் மரப்பலகைக்குப் பின்னால் மறைத்துவைத்தார். அலறும் பேயைவிட, எரிக்கவும் முடியாமல் வெளியே காட்டவும் முடியாமல் பலகையை மூடுகிற அந்தக் கைதான் எனக்குத் திகிலூட்டுகிறது.

அடுத்த பெரிய தவறு, 'அந்தக் காலத்தில் இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்' என்ற ஒற்றை வரியில் வரலாற்றைத் தாண்டிப் போவது. எந்தக் காலம்? எந்த நாடு? பிரான்ஸ் 1791இலேயே இதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இங்கிலாந்தில் 1861 வரை சட்டப்படி மரண தண்டனை. 1885இல் அங்கே வந்த சட்டம், தனியறையில் நடந்தாலும்கூட, ஆண்களுக்கு இடையிலான நெருக்கத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்றது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967இல்தான் பிடி தளர்ந்தது, அதுவும் 21 வயது நிரம்பியவர்களுக்கு, தனிமையில் மட்டும். இந்தியாவில் இதைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவிலிருந்து விடுதலை கிடைத்தது 2018இல். உங்கள் பேய் எதற்குப் பயந்து செத்தது என்பதை இந்த ஆண்டுகள்தான் முடிவு செய்கின்றன. 1830இல் இறந்த ஆங்கிலேயன் தூக்குக்கயிற்றுக்குப் பயந்திருப்பான். 1890இல் இறந்தவன் தபாலில் வரும் மிரட்டல் கடிதத்துக்குப் பயந்திருப்பான். இரண்டும் வேறு வேறு கதைகள்.

1835 நவம்பரில் லண்டனில் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்ற இருவரைத் தூக்கிலிட்டார்கள். இந்தக் குற்றத்துக்காக இங்கிலாந்தில் தூக்குமேடை ஏறிய கடைசி இருவர் அவர்கள். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் சாவித்துவாரம் வழியாகப் பார்த்ததாகச் சாட்சி சொன்னார்கள். இதைப் படித்த பிறகு எந்தப் பழைய கதவைக் கண்டாலும் என் கண் சாவித்துவாரத்துக்குத்தான் போகிறது. உங்கள் கதையில் வரும் ஆவி, இறந்து இரண்டு நூற்றாண்டு ஆன பின்னும், அறைக்குள் வந்ததும் முதல் வேலையாக அந்தத் துவாரத்தில் ஒரு துணியை அடைக்கட்டும். காலையில் அதைப் பார்க்கும் நாயகன் பயந்துபோவான். ஏன் அடைத்தான் என்று தெரியவரும் நாளில் அழுவான்.

வார்த்தைகளுக்கும் காலம் உண்டு. 'ஹோமோசெக்சுவல்' என்ற சொல்லே 1869இல்தான் ஜெர்மன் மொழியில் முதலில் அச்சேறியது. 1810இல் இறந்தவன் வாயில் 'நான் கே' என்ற வசனத்தை வைக்க முடியாது. தன்னைச் சொல்லிக்கொள்ள ஒரு நல்ல சொல்கூடக் கிடைக்காமல் செத்தவன் அவன். இன்றைய நாயகன் அந்தச் சொல்லை அவனுக்குச் சொல்லித்தரும் இடத்தைக் காதல் காட்சியாகவே எழுதலாம். தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: 'ஓரினச்சேர்க்கையாளர்' வேண்டாம். ஒரு மனிதனின் காதல் முழுவதையும் படுக்கைக்குள் சுருக்கிவிடுகிற சொல் அது. தன்பாலீர்ப்பாளர் என்று எழுதுங்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். கிரீச்சிடும் கதவு, கண் அசையும் ஓவியம், தானாக அணையும் மெழுகுவத்தி எல்லாம் எந்த வீட்டுக்கும் பொருந்தும் என்பதாலேயே உங்கள் வீட்டுக்கு உதவாது. அந்த வீடு ஒரு நாளை எப்படிக் கழித்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரிய ஆங்கில மாளிகைகளில் எசமானர்களுக்குத் தனிமை குறைவு. விடியும் முன்பே பணிப்பெண் அறைக்குள் வந்து கணப்பை மூட்டுவாள். படுக்கை விரிப்பை மாற்றுவதும் துவைப்பதும் வேலைக்காரர்கள்தான். அவர்கள் யார் கண்ணிலும் படாமல் வந்துபோகத் தனிப் படிக்கட்டும் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு காட்சி தானாகக் கிடைக்கும். ஆவி ஒவ்வொரு நாளும் விடிவதற்குச் சற்று முன்பு மறைந்துவிடுகிறது. வெளிச்சம் பட்டால் பேய்க்கு ஆகாது போலிருக்கிறது என்று நாயகன் நினைத்துக்கொள்கிறான். வெளிச்சம் அதை ஒன்றும் செய்யாது. கணப்பு மூட்ட ஆள் வரும் நேரம் அது, காதலன் கிளம்பியாக வேண்டும். அவ்வளவுதான்.

ஆண் வேலைக்காரர்கள் ஒரே அறையில், சில சமயம் ஒரே கட்டிலில் படுப்பதை அந்த நாளில் யாரும் விசேஷமாகப் பார்க்கவில்லை. மாடியில் இருந்த பிரபுவைவிட அந்த வேலைக்காரனுக்குக் காதலனோடு ஓர் இரவு எளிதாக வாய்த்திருக்கலாம். பேய் என்றாலே ஏன் எப்போதும் பிரபுவின் மகன்?

ஆவியால் எது முடியும், எது முடியாது என்பதை ஆரம்பத்திலேயே தீர்மானித்துவிடுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் கோப்பையைத் தூக்க முடியாத கை, காரணமே இல்லாமல் ஒன்பதாம் அத்தியாயத்தில் இடுப்பை வளைக்கக் கூடாது. தொட முடியாத தவிப்புதான் இந்தக் கதைக்கு உயிர், அதை அவசரப்பட்டுத் தீர்த்துவிடாதீர்கள். இதைவிட முக்கியமானது சம்மதம். குளிக்கும்போதும் தூங்கும்போதும் பார்த்துக்கொண்டே நிற்கும் பேயைக் காதலன் என்று எழுதுகிறார்கள். ஒருவன் உடம்புக்குள் ஆவி புகுந்து இன்னொருவனை முத்தமிடுவதையும் இனிமையான காட்சியாக எழுதுகிறார்கள். முத்தமிட்டது யார்? உடம்பின் சொந்தக்காரன் சரி என்றானா? நூற்றாண்டுகளாகச் சாவித்துவாரத்துக்கு அஞ்சிய ஒருவன், தானே இன்னொருவனுக்குச் சாவித்துவாரமாக இருக்கச் சம்மதிக்க மாட்டான். அனுமதி கேட்டுவிட்டு அறைக்குள் வருகிற பேயை எழுதிப் பாருங்கள். எனக்கு அதைவிட நெருக்கமான காட்சி தெரியாது.

நாயகன் முதல் இரவே பேயை நம்பிவிடுவதும் தவறு, நூறு பக்கம் நம்ப மறுத்து இழுப்பதும் தவறு. 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு குடும்பத்தின் அனுபவம் வெளியானது. புது வீட்டுக்குப் போனதும் காலடிச் சத்தம், தலைவலி, கட்டிலருகே உருவங்கள். கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி, அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு கசிந்திருக்கிறது. உங்கள் நாயகனும் முதலில் உலையைச் சோதிக்கட்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தும் காலடி கேட்டால், வாசகரும் அவனோடு சேர்ந்து நம்புவார்.

முடிவில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒருவன் ஏற்கெனவே இறந்தவன், ஆகவே இன்னொருவனும் செத்து அவனோடு சேர்ந்தால் நிரந்தர இணைவு என்று முடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இந்தக் கதையைத் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிற ஓர் இளைஞன் இருப்பான். சாவைப் பரிசாக அவன் கையில் கொடுக்காதீர்கள். ஹாலிவுட்டில் 1934 முதல் 1968 வரை நடந்த தணிக்கைக் காலத்தில், மறைமுகமாக வந்துபோன இப்படிப்பட்ட பாத்திரங்கள் பல சாவிலோ தண்டனையிலோதான் முடிந்தன. அந்தப் பழக்கம் இன்னும் பேனாவில் ஒட்டியிருக்கிறது. 1913இல் 'மாரிஸ்' நாவலைத் தொடங்கிய ஆங்கில எழுத்தாளர் இ.எம். ஃபார்ஸ்டர், இரண்டு ஆண்களும் சேர்ந்து வாழும் முடிவு கட்டாயம் வேண்டும் என்று உறுதியாக நின்றார். அவர் இறந்த பிறகு, 1971இல்தான் அது வெளிவந்தது. அவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த முடிவு அது.

வழிகள் இருக்கின்றன. பழைய காதலர்கள் இருவரும் ஆவிகளாக இருந்து, அவர்களின் கதையைத் தோண்டி எடுக்கும் இரண்டு ஆண்கள் உயிரோடு சேரலாம். இல்லையென்றால் ஆவி அந்த வீட்டிலேயே தங்கலாம். நாயகன் அங்கேயே வாழ்ந்து, முடி நரைத்து, முட்டி வலியோடு படியேறி வரட்டும். மேலே ஒருவன் விளக்கேற்றி வைத்துக் காத்திருப்பான். சாவித்துவாரத்தில் துணி இருக்காது.